ஊற்றுத் தண்ணீர் சுத்தம்தான், அப்புறம் ஏன் டிரவுட் குஞ்சு மிதக்கிறது?

கேள்வி: எங்கள் நிலத்தில் வற்றாத ஊற்று இருக்கிறது. அதிலிருந்து நேராகக் குழாய் பதித்து, மருந்து இல்லாமல் இயற்கையாக டிரவுட் மீன் வளர்க்கச் சிறிய குஞ்சு பொரிப்பகம் அமைத்தேன். முட்டைகள் நன்றாகப் பொரிந்தன. ஆனால் சில நாட்களிலேயே குஞ்சுகள் வயிறு மேலாக மிதந்து சாகின்றன. தண்ணீர் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை. முட்டை வாங்கித் தந்த தரகர் கிருமி என்று சொல்லி, பச்சை மருந்தும் ஆக்சிஜன் மாத்திரையும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். முதலில், தடுமாறிக்கொண்டிருக்கும் ஒரு குஞ்சைத் தண்ணீரோடு கண்ணாடித் தம்ளரில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதன் அடிவயிற்றில் தொங்கும் மஞ்சள் கருப் பையில் குண்டூசித் தலை அளவுக்குக் காற்றுக் குமிழ் தெரிகிறதா? கொஞ்சம் வளர்ந்த குஞ்சாக இருந்தால் துடுப்பின் நரம்புகளுக்கு நடுவிலும் கண்ணைச் சுற்றியும் பாருங்கள். குமிழ் இருந்தால் அது கிருமி இல்லை, காற்று. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அதுதான் இருக்கும்.

பூமிக்கு அடியில் அழுத்தத்தில் கிடந்த தண்ணீரில் நைட்ரஜன் அளவுக்கு மீறிக் கரைந்திருக்கும். ஆக்சிஜனோ குறைவாக இருக்கும். மூடியைத் திறந்ததும் சோடாவில் குமிழ் கிளம்புகிறதே, அதே மாதிரி இந்த உபரி நைட்ரஜன் குஞ்சின் உடம்புக்குள்ளேயே குமிழாகிவிடும். உங்கள் ஏற்பாட்டில் அது வழியில் வெளியேற இடமே இல்லை. ஊற்றில் புறப்பட்ட தண்ணீர் மூடிய குழாயிலேயே வந்து தொட்டிக்குள் இறங்குகிறது. ஊற்றடியில் குழாயின் வாய் தண்ணீரில் நன்றாக மூழ்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். மட்டம் இறங்கும்போது அந்த வாய் காற்றையும் சேர்த்து உறிஞ்சினால், இறக்கத்தில் அழுத்தம் கூடக்கூட அந்தக் காற்றும் தண்ணீரில் கரைந்து தொல்லையை இரட்டிப்பாக்கும்.

பரிசோதனைச் சான்றைப் பற்றி ஒரு வார்த்தை. அது குடிக்கலாமா கூடாதா என்று சொல்லும் சான்று. மீன் வளர்க்கத்தான் கேட்கிறோம் என்று சொன்னாலும் அதே குடிநீர்ப் படிவத்தைத்தான் நிரப்பித் தருகிறார்கள். கரைந்திருக்கும் வாயுவை ஊற்றடியில், அந்த இடத்திலேயே அளக்க வேண்டும். புட்டியில் பிடித்து மறுநாள் ஆய்வக மேசைக்குப் போகும் தண்ணீரில் அது மாறிவிடும். இது தெரிந்தும் ஒரு கருவியோடு நேரில் வர யாரும் இல்லை என்பது எனக்குப் பல காலமாக ஆத்திரம். மானியம் என்றால் மட்டும் அதிகாரிகள் வந்து தொட்டியின் நீள அகலத்தை நாடா வைத்து அளக்கிறார்கள். தண்ணீர் எப்படி உள்ளே விழுகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

சரி, என்ன செய்வது? தண்ணீரை விழவிடுங்கள். தொட்டிக்கு மேலே, அடியில் நிறையத் துளையிட்ட மூன்று நான்கு தட்டுகளை ஓர் அடி இடைவெளியில் ஒன்றின்மேல் ஒன்றாக அமைத்து, குழாய்த் தண்ணீரை மேல் தட்டில் கொட்டச் செய்யுங்கள். சிதறி இறங்கும்போது உபரி நைட்ரஜன் வெளியேறும், ஆக்சிஜன் ஏறும். 10 டிகிரி செல்சியஸ் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும். டிரவுட்டுக்கு 7-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் நல்லது. தரகர் சொல்லும் மாத்திரை, ஆக்சிஜனைக் கொஞ்சம் கூட்டலாம், நைட்ரஜனை வெளியேற்றாது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதை அவசரப்படாமல் படியுங்கள். உங்கள் ஊற்றில் இரும்பு இருந்தால் வெறுமனே விழவிடுவது ஆபத்து. இரும்புள்ள ஊற்றுநீர் வெளியே வரும்போது கண்ணாடி மாதிரிதான் இருக்கும். காற்றுப் பட்ட பிறகுதான் துருவாகத் திரியும். தட்டிலிருந்து நேரே தொட்டியில் விழுந்தால் அந்தத் துரு முட்டையின் மேலும் குஞ்சின் செவுளிலும் படிந்து மூச்சை அடைத்துவிடும். அதனால் இன்றே ஒரு வெள்ளை வாளியில் ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து, நன்றாகக் கலக்கி, இரவு முழுவதும் வையுங்கள். காலையில் அடியில் செம்பழுப்பு வண்டல் தெரிந்தால், தட்டுகளுக்கும் தொட்டிக்கும் நடுவில் துரு படிய ஒரு தனித்தொட்டி வேண்டும். அதற்குப் பின் ஒரு சரளைக்கல் வடிகட்டி. அதில் துரு சேரச்சேரக் கழுவ வேண்டும். வாளியில் ஒன்றும் படியவில்லை என்றால் இதெல்லாம் தேவையில்லை.

இனி அந்தப் பச்சை மருந்து. பெரும்பாலும் அது மாலகைட் கிரீன் என்ற சாயம். முட்டையில் பூஞ்சையைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் அதன் மிச்சம் மீனின் சதையில் நீண்ட நாள் தங்கும். உணவு மீனுக்கு அதைப் பல நாடுகள் தடை செய்திருக்கின்றன. பெயர்ச்சீட்டு இல்லாத புட்டியில் விற்பதே அதனால்தான். பூஞ்சை பிடிப்பது வெளுத்துச் செத்த முட்டையில். அங்கிருந்துதான் பக்கத்து முட்டைக்குப் பரவும். கருவின் கண் கரும்புள்ளியாகத் தெரியத் தொடங்கிய முட்டைகள் கை பட்டால் தாங்கும். தினமும் வெள்ளை முட்டைகளைப் பொறுக்கி எடுத்தாலே பெரும்பகுதி வேலை முடிந்தது.

அந்தத் தரகரிடம் முட்டையும் வாங்க வேண்டாம். நாலு இடத்தில் மிஞ்சியதைக் கலந்து ஒரே பெட்டியில் தருவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். வேறு மீன் இல்லாத, சேறு இல்லாத ஊற்றுதான் உங்களுடைய பெரிய சொத்து. கலப்பு முட்டையோடு வைரஸ் நோய் வந்து சேர்ந்தால் அந்தச் சொத்து போய்விடும். முட்டையை அயோடின் கரைசலில் நனைத்துத் தருகிறேன் என்பார்கள். அது மேல்ஓட்டைத்தான் சுத்தம் செய்யும், உள்ளே இருக்கும் கிருமியைத் தொடாது. பொரிப்பகத்திடமே நேரடியாக, தாய்மீன்களின் நோய்ப் பரிசோதனைச் சான்றைப் பார்த்து வாங்குங்கள்.

எத்தனை வாங்கலாம் என்பதையும் விற்பவர் சொல்லக் கூடாது, உங்கள் ஊற்று சொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஒரு டன் டிரவுட் எடுக்க விநாடிக்குச் சுமார் 10 லிட்டர் ஓட்டம் வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. கோடையின் கடைசியில், ஊற்று மிகவும் மெலிந்திருக்கும் நாளில், வாளியும் கடிகாரமும் வைத்து அளந்துகொள்ளுங்கள். மழைக்காலத்து ஓட்டத்தை நம்பி முட்டை வாங்கியவர்கள்தான் கோடையில் மோட்டார் வாங்க ஓடுகிறார்கள்.

இப்போது மிஞ்சியிருக்கும் குஞ்சுகளை இரண்டு தொட்டிகளாகப் பிரித்து நெரிசலைக் குறையுங்கள். மஞ்சள் கருப் பை வற்றி, பாதிக் குஞ்சுகளாவது மேலே நீந்தி வந்த பிறகு பொடித் தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாக, நாளில் பலமுறை தூவுங்கள். இயற்கை முறை என்று சொல்லித் தீனி போடாமல் விட்டால் பட்டினியில் போய்விடும். ஊற்றுத் தொட்டியில் அவற்றுக்கு வேண்டிய புழு பூச்சி கிடைக்காது.