கிரவுண்டுக்கு ஆறு பேர்தான் வருகிறார்கள்

கேள்வி: சேலத்தில் 22 வருடங்களாக ஒரு ஃபுட்பால் டீமை நடத்தி வருகிறேன். ஒரு காலத்தில் எங்கள் லீக் மேட்சைப் பார்க்க மதில் மேல் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) வந்த பிறகு கூட்டமும் இல்லை, ஜெர்சிக்குக் காசு கொடுத்த கடைக்காரர்களும் இல்லை. போன புதன்கிழமை மேட்சுக்கு எங்கள் ஆட்டக்காரர்களில் ஆறு பேர்தான் வந்தார்கள். ஆடாமலே எதிரணிக்கு வெற்றியை விட்டு, வாக்ஓவர் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். டீமைக் கலைத்துவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், அம்மாபேட்டை

பதில்: கலைக்க வேண்டாம், நண்பரே. ஒரு அணியில் ஏழு பேராவது இருந்தால்தான் மேட்சைத் தொடங்க முடியும் என்பது விதி. ஒரு ஆள் குறைந்ததால் அந்த ஆறு பேரும் பூட்ஸைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அதுதான்.

ஐஎஸ்எல் மீது உங்களுக்கு இருக்கும் கோபம் நியாயமானது. 2014 அக்டோபரில் எட்டு அணிகளோடு அது தொடங்கியபோது, களத்தில் நிற்கும் 11 பேரில் ஆறு பேர் வெளிநாட்டு வீரர்களாக இருக்கலாம் என்று விதி இருந்தது. நம் நாட்டுப் பையன்களுக்கு மிஞ்சியது ஐந்து இடம். விளம்பரப் பணமும் பேப்பரில் விளையாட்டுப் பக்கமும் அந்தப் பக்கம் சாய்ந்தன. சென்னையில் ஒரு அணி வந்ததால் சேலத்துப் பையனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், டிவியில் பார்க்க ஒரு மேட்ச் கிடைத்தது, அவ்வளவுதான்.

ஆனால் நம் லீக்குகள் அதற்கு முன்பே இளைக்கத் தொடங்கிவிட்டன. அவற்றைத் தாங்கிப் பிடித்தது வேலை. ரயில்வே, ஐசிஎஃப், வங்கி, மின்வாரியம், போலீஸ் என்று எல்லாவற்றுக்கும் டீம் இருந்தது. பழைய தேசிய லீக்கில் தமிழ்நாட்டிலிருந்து போய் ஆடியது இந்தியன் வங்கி அணி. மாவட்ட லீக்கில் நாலு கோல் அடித்தால் யாராவது கவனிப்பார்கள், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் பையன்கள் வெயிலில் ஓடினார்கள். பெற்றவர்களும் விட்டார்கள். அந்த ஆள் எடுப்பு சுருங்கியதும், 'பந்து உதைத்து என்ன ஆகப்போகிறது' என்ற கேள்விக்கு வீட்டில் சொல்லப் பதில் இல்லாமல் போனது.

மேலே இருப்பதும் நிலையாக இல்லை. கோவை நேரு ஸ்டேடியத்தில் ஆடி 2018-19ல் ஐ லீக் என்ற தேசிய லீக்கின் பட்டத்தை வென்ற சென்னை சிட்டி அணி இன்று அந்த லீக்கில் இல்லை. 2025 ஜூலையில், போட்டியை நடத்தும் ஒப்பந்தம் முடியப்போகிறது என்று ஐஎஸ்எல் சீசனையே நிறுத்தி வைத்தார்கள்.

சரி, பெரிய போட்டி வந்தால் உள்ளூர் ஆட்டம் செத்துத்தான் போகுமா? மலப்புரத்தைப் பாருங்கள். கேரளத்துக்கும் ஐஎஸ்எல் அணி இருக்கிறது. இருந்தும் அங்கே அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டங்களுக்குத் தற்காலிக கேலரி கட்டி, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஊரே வந்து உட்காருகிறது. 2022 மே மாதம் மஞ்சேரியில் நடந்த, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி ஃபைனலில் கேரளா பெனால்டியில் வங்காளத்தைத் தோற்கடித்தபோது ஸ்டேடியம் நிரம்பி வழிந்தது. வேலை முடிந்து வருகிறவனுக்கு ஏற்ற நேரத்தில் செவன்ஸ் ஆடுகிறார்கள்.

உங்கள் மேட்ச் புதன்கிழமை. செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் இருப்பவனும், பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவனும் புதன்கிழமை எப்படி வருவான்? ராத்திரியில் ஏதாவது ஒரு டர்ஃபுக்கு, அதாவது வாடகைக்கு விடும் செயற்கைப் புல் மைதானத்துக்கு, போய்ப் பாருங்கள். தலைக்கு இவ்வளவு என்று பங்கு போட்டு, சொந்தக் காசில் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஆட்டத்தை அவர்கள் விடவில்லை. உங்கள் பையன்களில் இரண்டு பேராவது அங்கே இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அதனால் உங்களைப் போல டீம் நடத்தும் இன்னும் மூன்று, நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு மாவட்டச் சங்கத்திடம் ஞாயிறு காலை ஆறரை மணி மேட்ச் கேளுங்கள். ஒரு சீசனுக்கான தேதிகளை முன்கூட்டியே அச்சடித்து, டீக்கடையிலும் பட்டறை வாசலிலும் ஒட்டுங்கள். முடிந்தால் சீசனில் ஒரு மேட்சை ஏற்காட்டில் வையுங்கள். எஸ்டேட் பையன்கள் மலை இறங்கி வரக் காசில்லாமல் நின்றுவிடக் கூடாது.

அப்புறம், 12 வயதிலிருந்து உங்களிடம் வரும் ஒவ்வொரு பையனையும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு வீரர்களைப் பதிந்து வைக்கும் சிஆர்எஸ் பதிவில் ஏற்றிவிடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு வீரர் பணத்துக்கு வெளிநாட்டுக் கிளப்புக்கு மாறினால், அந்தத் தொகையில் 5 சதவீதத்தை 12 முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பங்கிட வேண்டும் என்பது ஃபிஃபா விதி. அப்படி ஒரு நாள் உங்கள் டீமுக்கு வருமா என்பது வேறு. ஆனால் பையன் எங்கே ஆடி வளர்ந்தான் என்பதற்கு அந்தப் பதிவுதான் சாட்சி.

முதலில் அந்த ஆறு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, எந்தக் கிழமை, எந்த நேரம் வசதி என்று கேளுங்கள். ஆளுக்கு ஒரு டர்ஃப் நண்பனை அழைத்துவரச் சொல்லுங்கள். பன்னிரண்டு பேர் ஆகிவிடும்.