பொருளாதாரத் தடைகளால் மட்டும் ஓர் அணு நெருக்கடியைத் தீர்க்க முடியுமா?

முடியாது என்பதையே ஈரானின் அனுபவம் காட்டுகிறது. அந்நாட்டின் அணுத் திட்டத்தைக் கட்டுப்படுத்துவதற்காக 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் ஈரானிய எண்ணெயை வாங்குவதை நிறுத்தியதும், அந்நாட்டு வங்கிகள் நாடுகளுக்கிடையே பணப்பரிமாற்றச் செய்திகளை வங்கிகள் அனுப்பிக்கொள்ளும் ஸ்விஃப்ட் வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டதும் தெஹ்ரானைக் கடுமையாக நெருக்கின. மருந்துகளுக்கு விலக்கு இருந்தும் பணம் செலுத்த வழியின்றி நோயாளிகள் தவித்தது வேதனைக்குரியது. ஆயினும், எதை விட்டுக்கொடுத்தால் எந்தத் தடை நீங்கும் என்பதை நீண்ட பேச்சுவார்த்தையில் வரிவரியாகத் தீர்மானித்த பிறகே, 2015 ஜூலையில் வியன்னாவில் அமெரிக்கா உள்ளிட்ட வல்லரசுகளுடன் உடன்பாடு எட்டப்பட்டது. அதன்படி யுரேனியச் செறிவூட்டல் (அணுப்பிளவுக்கு உதவும் யுரேனியம்-235இன் பங்கை உயர்த்துதல்) 3.67 விழுக்காட்டுக்குள்ளும் செறிவூட்டிய யுரேனியத்தின் இருப்பு 300 கிலோவுக்குள்ளும் கட்டுப்படுத்தப்பட்டன. செறிவூட்டலுக்குப் பயன்படும் மையவிலக்குக் கருவிகளில் கழற்றப்பட்டவை ஈரானின் நடான்ஸ் அணு நிலையத்தில் சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்பில் வைக்கப்பட்டன. ஈரான் வரம்புக்குள் இருப்பதாக முகமை உறுதிசெய்துவந்த நிலையிலேயே, 2018இல் அமெரிக்கா உடன்பாட்டிலிருந்து விலகித் தடைகளை மீண்டும் விதித்தது பெரும் பிழை என்பது என் கருத்து. அடுத்த ஆண்டு முதல் ஈரானும் வரம்புகளைப் படிப்படியாக மீறியது. 2021இல் அதன் செறிவூட்டல் 60 விழுக்காட்டை எட்டியது.