ஆய்வில் தகவல்: புள்ளியியல்காரரிடம் கேள்விகள்

வணக்கம். ஆய்வு செய்கிறவர்களுக்குப் புள்ளியியல் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. ‘ஆய்வில் தகவல்’ என்று முடிகிற செய்திகளைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். எந்த மாத்திரை சாப்பிடலாம் என்று மட்டும் கேட்க வேண்டாம், நான் டாக்டர் இல்லை.

செல்வி, ஈரோடு: காபி நல்லது என்று ஒரு வாரம், கெட்டது என்று மறு வாரம். ஏன் சார் இப்படி?

பல நேரம் கோளாறு ஒப்பீட்டில் இருக்கும். 1981-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் காபிக்கும் கணையப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாக ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் எழுதினார்கள். அமெரிக்காவே பதறியது. கணையப் புற்று வந்த 369 பேரை ஒரு பக்கம் வைத்தார்கள். எதிர்ப்பக்கம் வைத்தது, அதே டாக்டர்களிடம் வேறு நோய்களுக்காக வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களை. கணையத்தைப் பார்க்கிற டாக்டரிடம் வேறு யார் வருவார்கள்? அல்சர்காரர், வயிற்றெரிச்சல்காரர். அவர்களில் பலர் காபியைக் குறைத்துக்கொண்டவர்கள். அவர்கள் குறைவாகக் குடித்ததால் புற்றுநோயாளிகள் அதிகம் குடித்ததுபோலத் தெரிந்தது என்று மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். சில வருடம் கழித்து அதே குழு மறுபடி பார்த்தபோது அந்தத் தொடர்பு நிற்கவில்லை.

அதனால் செய்தியைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது, யாரோடு ஒப்பிட்டார்கள்? இதை இன்றைக்குப் பல தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முருகேசன்: பி மதிப்பு 0.05-க்குக் கீழே என்றால் முடிவு 95 சதவீதம் உண்மை, சரிதானே?

இல்லை. உண்மையில் எந்த விளைவுமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு வித்தியாசமோ இதைவிடப் பெரியதோ தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் பி மதிப்பு. பிஎச்.டி. முடித்தவர்களே தப்பாகச் சொல்கிறார்கள், கவலைப்படாதீர்கள்.

தென்காசி ராஜா: பதப்படுத்திய இறைச்சி தினம் 50 கிராம் சாப்பிட்டால் குடல் புற்று 18 சதவீதம் அதிகமாமே? சாசேஜை விட்டுவிடலாமா?

18 என்பது ஒப்பீட்டு விகிதம், அதாவது ஏற்கெனவே இருக்கிற வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது. நூறு பேரில் 18 பேருக்கு வரும் என்று நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். பிரிட்டன் கணக்கு ஒன்று சொல்கிறேன். அங்கே இந்த வகை இறைச்சியை மிகக் குறைவாகச் சாப்பிடுகிறவர்கள் ஆயிரம் பேரில் வாழ்நாளில் சுமார் 56 பேருக்குக் குடல் புற்று வருகிறது. மிக அதிகமாகச் சாப்பிடுகிறவர்களில் சுமார் 66 பேருக்கு. ஆயிரத்துக்குப் பத்து. சின்னதா பெரிதா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். சதவீதம் வந்தால் ‘எதில் இத்தனை சதவீதம்?’ என்று கேட்டுவிடுங்கள்.

ஆய்வு மாணவி, திருச்சி: ஒரு ஜர்னலிலிருந்து மெயில் வந்தது சார். பணம் கட்டினால் மூன்று நாளில் கட்டுரை போட்டுவிடுவார்களாம்.

ஓடிவிடுங்கள் அம்மா. மூன்று நாளில் யாரும் படித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வெண்பா: கீழடியின் காலத்தைப் பற்றி உங்கள் கருத்து?

என் துறை இல்லை. தொல்லியல் தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

கோபால், சேலம்: காபி நல்லதா கெட்டதா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

மேலே படியுங்கள்.

நசீர்: உளவியல் ஆய்வெல்லாம் டுபாக்கூர் என்கிறார்களே?

அப்படிச் சொல்ல முடியாது. 2015-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு பெரிய கூட்டு முயற்சியின் முடிவு வந்தது. பேர்பெற்ற இதழ்களில் வந்த 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தார்கள். முதலில் செய்தபோது 97 சதவீதம் தேறியவை, அதாவது பி மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தவை. மறுபடி செய்தபோது 36 சதவீதம்தான் தேறின. கேவலம்தான். ஆனால் அந்த வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றியதும் உளவியல்காரர்கள்தான். எத்தனை துறைகளுக்கு அந்தத் துணிச்சல் இருக்கிறது?

கமலா டீச்சர், கோவை: நான் மழலையர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். மார்ஷ்மெல்லோ சோதனையை ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் சொல்கிறோம். மிட்டாய்க்குக் காத்திருக்கிற பிள்ளை பின்னால் ஜெயிக்கும் என்பது உண்மைதானே?

இதற்காகத்தான் காத்திருந்தேன், டீச்சர். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் 1960-களின் கடைசியில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக வளாக மழலையர் பள்ளியில் தொடங்கிய சோதனை இது. பிள்ளையின் முன்னால் ஒரு தின்பண்டம். ‘நான் திரும்பி வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு தருவேன்’ என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போய்விடுவார். சில பிள்ளைகள் கண்ணைப் பொத்திக்கொண்டன, சில பாடின. 1990-இல் வந்த தொடர் ஆய்வு, காத்திருந்த பிள்ளைகள் பின்னால் எஸ்.ஏ.டி. என்ற அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வில் அதிக மதிப்பெண் எடுத்ததாகச் சொன்னது.

சோதனையில் கலந்துகொண்டவர்கள் 600-க்கும் மேல். ஆனால் அந்த மதிப்பெண் கணக்கு நின்றது எத்தனை பேர்மேல் தெரியுமா? 35 பிள்ளைகள். ஸ்டான்போர்டு வளாகத்துப் பள்ளி என்றால் பேராசிரியர் வீட்டுப் பிள்ளைகள் நிறைய. எண்ணிக்கை குறைவு, ஜாக்கிரதை என்று கட்டுரை எழுதியவர்களே சொல்லியிருந்தார்கள். அதை யார் படித்தார்கள்?

2018-இல் டைலர் வாட்ஸும் மற்ற இருவரும் 900-க்கு மேற்பட்ட, பலதரப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளை வைத்துப் பார்த்தார்கள். 15 வயதில் எடுத்த மதிப்பெண்ணோடு தொடர்பு இருந்தது, பழையதில் பாதி அளவுக்கு. குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல், சின்ன வயதுத் திறன் இவற்றைச் சமன்செய்தபோது, அதாவது இவற்றில் ஒரே மாதிரி இருக்கிற பிள்ளைகளை ஒப்பிடுவதுபோலக் கணக்குப் போட்டபோது, அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோனது.

கமலா டீச்சர்: 20 வருடமாகப் பிள்ளைகளைப் பார்க்கிறேன் சார். பொறுமையான பிள்ளை நன்றாகத்தான் வருகிறது.

வருகிறது, நான் மறுக்கவில்லை. பொறுமையால் வருகிறதா, பொறுமையைக் கொடுத்த வீட்டால் வருகிறதா என்பதுதான் கேள்வி. ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை நடத்தி 2013-இல் வெளியிட்டார்கள். முதலில் படம் வரைய நல்ல கிரேயான் கொண்டுவருகிறேன் என்று சொல்லிப் போவார்கள். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து, ‘இல்லை, ஸாரி’ என்றார்கள். அப்புறம்தான் மிட்டாய். சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தன. ஏமாந்தவை 3 நிமிடம். ஏமாந்த பிள்ளை உடனே தின்றது புத்திசாலித்தனம் இல்லையா? 28 பேர்தான், இதையும் நான் தலையில் தூக்கி வைக்க மாட்டேன். ஆனால் இங்கே ஒப்பீடு சுத்தம். எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது.

பொருளாதார மாணவன் அருண்: சார், ஒரு ஆட்சேபணை. வாட்ஸ் குழு அளவுக்கு மீறிச் சமன்செய்துவிட்டது. பொறுமையே வீட்டில்தான் வளர்கிறது. வீட்டைக் கழித்தால் பொறுமையையும் சேர்த்துக் கழித்ததாகிவிடும். தவிர, அந்தப் பிள்ளைகளைக் காக்க வைத்தது 7 நிமிடம்தான். பழைய சோதனையில் 15, 20 நிமிடம்.

சபாஷ் தம்பி, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். இதே ஆட்சேபணையை ஆர்மின் ஃபால்க்கும் கூட்டாளிகளும் 2020-இல் எழுதினார்கள். 7 நிமிடத்தில் நிறுத்தியதைச் சரிக்கட்டினால் தொடர்பு பழைய அளவுக்குப் பக்கத்தில் வருகிறது என்றார்கள்.

ஆனால் இங்கே கேள்விகள் இரண்டு. நாலு வயதில் காத்திருந்ததை வைத்துப் பின்னால் வருவதை ஊகிக்கலாமா? ஓரளவு ஊகிக்கலாம், அருண் பக்கம் பலம். பிள்ளைக்குக் காத்திருக்கப் பழக்கிவிட்டால் மதிப்பெண் கூடுமா? அதற்கு வீட்டைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும், வாட்ஸ் பக்கம் பலம். பெற்றோர் கூட்டத்தில் முதல் கேள்வியின் விடையைக் காட்டி இரண்டாவதை விற்கிறோம்.

கமலா டீச்சர்: அப்படியானால் பெற்றோரிடம் என்னதான் சொல்வது?

கொடுத்த வாக்கைக் காப்பாற்றச் சொல்லுங்கள். அதற்கு ஆய்வே தேவையில்லை.

கோமதி, நாகர்கோவில்: மஞ்சள் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று ஆயிரக்கணக்கான கட்டுரைகள் இருக்கிறதே?

இருக்கின்றன, பெரும்பாலும் கண்ணாடிக் குடுவையிலும் எலியிலும். மஞ்சளில் உள்ள கர்குமின் ஒளி பட்டால் தானும் ஒளிர்கிற பொருள், கண்ட புரதங்களோடும் ஒட்டுகிற பொருள். அதனால் ஆய்வகச் சோதனைகளில் ‘வேலை செய்கிறது’ என்று பொய்யாகக் காட்டிவிடும் என 2017-இல் வேதியியலாளர்கள் விரிவாக எச்சரித்தார்கள். குழம்பில் போடுங்கள். வைத்தியத்துக்கு டாக்டரிடம் போங்கள்.

சிவா, கரூர்: டீ நல்லதா சார்?

யாரோடு ஒப்பிட்டு?

ஜெயந்தி: இயற்பியலில் இந்தப் பிரச்சினையெல்லாம் வராதுதானே?

வரும், பிடிபடும் வேகம்தான் வேறு. ஒளியை எதுவும் முந்த முடியாது என்பது இயற்பியலின் அடிப்படை. 2011-இல் ஜெனீவா பக்கத்தில் உள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலியில் இருக்கும் கிரான் சாஸோ ஆய்வகத்துக்குப் போன நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோ நொடி முந்தி வந்ததாக ஓபேரா என்ற ஆய்வுக் குழு அறிவித்தது. ‘எங்கே தப்பு என்று எங்களுக்குத் தெரியவில்லை, பாருங்கள்’ என்ற தொனியில்தான் அறிவித்தார்கள். சில மாதத்தில் தெரிந்தது. முக்கியக் காரணம், ஒரு ஒளியிழைக் கேபிளின் இணைப்பு சரியாக இறுகவில்லை.

பாலா, தஞ்சாவூர்: மூலக் கட்டுரையைக் காசு கட்டாமல் படிக்க வழி உண்டா?

மருத்துவக் கட்டுரை என்றால் சுருக்கம் பப்மெட் என்ற இணையதளத்தில் இலவசம். இயற்பியல், கணிதம் என்றால் ஆர்க்கைவ் (arXiv) என்ற இணையதளத்தில் பெரும்பாலும் முழுக் கட்டுரையே கிடைக்கும். மற்றதற்கு, கட்டுரையில் இருக்கும் முகவரிக்கு ஆய்வாளருக்கே எழுதிக் கேளுங்கள், பலர் அனுப்பி வைப்பார்கள். வந்ததும் முடிவுரைக்குத் தாவாமல் ‘முறைகள்’ பகுதியைத் திறந்து, ஒப்பீட்டுக் குழு யார் என்று பாருங்கள்.