பாட்டு எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லையா?

ஆப்பராவுக்கு, அதாவது முழுக்கப் பாட்டாகவே நடக்கும் மேடை நாடகத்துக்கு, நீங்கள் புதிது என்றால் ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'ரிகொலெட்டோ'வில், அதுவும் நேராக மூன்றாம் அங்கத்தில் தொடங்குங்கள்.

வாக்னரின் 'தாஸ் ரைன்கோல்ட்' ஆப்பராவைப் போட்டு, பாட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று புரியாமல் அரைமணியில் நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கோளாறு உங்கள் காதில் இல்லை. வாக்னர் வேண்டுமென்றேதான் தனிப் பாட்டுகளாக வெட்டாமல் ஒரே ஓட்டமாக எழுதினார். இடைவேளையே இல்லாமல் சுமார் இரண்டரை மணி நேரம் போகும். முதல் நாளே அதைப் போட்டால் யாருக்கும் கண் சொருகும்.

1851இல் வெனிஸில் அரங்கேறிய 'ரிகொலெட்டோ'வில் பாட்டுகள் தனித்தனியாகத் தெரியும். கதைச்சுருக்கம் படித்துவிட்டு, சப்டைட்டிலோடு வீடியோவாகப் பாருங்கள். வெறும் ஆடியோ வேண்டாம். கவனிக்க வேண்டியவை:

1. சத்திரத்தில் டியூக் (ஊரை ஆளும் பிரபு) பாடும் 'லா டோன்னா எ மொபிலே'. மெட்டு எங்கோ கேட்டதாகவே இருக்கும்.

2. பிறகு வரும் நால்வர் பாட்டு. உள்ளே டியூக் ஒருத்தியை மயக்குகிறான், அவள் சிரிக்கிறாள். வெளியே அவனைக் காதலிக்கும் கில்டா உடைந்துபோகிறாள், அவள் அப்பா ரிகொலெட்டோ பழிவாங்கத் துடிக்கிறான். நால்வரும் ஒரே நேரத்தில்! பேச்சு நாடகத்தில் இப்படிச் செய்தால் வெறும் இரைச்சல்தான்.

3. புயல். காற்றின் ஊளை, மேடைக்குப் பின்னால் வாய்மூடி முனகும் ஆண்குரல்கள்.

இரண்டாவது இடத்தில் மனசு பதறினால் ஆப்பரா உங்களுக்கு ஒத்துவரும்.

ஒன்று: எந்தத் தயாரிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா அரங்கம் 2013இல் இதே கதையை 1960களின் லாஸ் வேகாஸுக்கு மாற்றியது. ரசிக்கலாம்தான், ஆனால் படித்த கதையும் மேடையும் பொருந்தாமல் முதல்முறை குழம்பும். கதை நடக்கும் இத்தாலிய ஊரான மாந்துவாவின் பழைய அரண்மனை உடையில் உள்ள பதிவாகத் தேடுங்கள்.