வாசலில் மணல் போட்டால் வழக்கு வருமா? எட்மண்டன் வாசகருக்குப் பதில்

கேள்வி: எட்மண்டனில் மூலைக் காணியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். பேஸ்மென்ட்டில் ஒரு இளம் தம்பதி வாடகைக்கு இருக்கிறார்கள். பத்து நாட்களுக்கு முன் காலையில், எங்கள் வீட்டுக்கு முன்னால் உள்ள நடைபாதையில் பக்கத்து வீட்டு அம்மா சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அவருடைய மகன் சட்டத்தரணியைப் பார்க்கப்போவதாக மெசேஜ் அனுப்பியிருக்கிறார். நகரத்திலிருந்து எச்சரிக்கை நோட்டீஸும் வந்திருக்கிறது. நகரம் பெட்டிகளில் வைக்கும் இலவச மணலை அள்ளிப் போடலாம் என்று நினைத்தால், "நடைபாதை நகரத்தின் சொத்து, நீ கைவைத்தால்தான் பொறுப்பு உன் தலையில் விழும்" என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். எங்கள் கூரைப் பீலியின் குழாய் நடைபாதைக்கு அருகில்தான் முடிகிறது. இன்னொன்று: என் மாமி 15 நாட்களுக்கு முன் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்து நடைபாதையில் விழுந்து இடுப்பில் அடிபட்டுப் படுக்கையில் இருக்கிறார். அதற்கு நகரத்திடம் ஏதும் கேட்க முடியுமா?

பதில்: நீங்கள் கடைசியாகக் கேட்டதை முதலில் எடுக்கிறேன். அதற்குத்தான் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆல்பர்ட்டாவின் நகராட்சி அரசுச் சட்டம், பிரிவு 531. பனி, பனிக்கட்டி, சகதிப்பனி காரணமாக நகர வீதியிலோ நடைபாதையிலோ ஒருவர் காயப்பட்டால், சம்பவம் நடந்து 21 நாட்களுக்குள் நகரத்துக்கு அறிவித்தாக வேண்டும். இன்றைக்கே எழுதி அனுப்புங்கள். வழக்குப் போடுவதா வேண்டாமா என்று பிறகு ஆறுதலாக யோசிக்கலாம், அதற்கு 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது. அறிவித்தலைத் தவறவிட்டால், தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தது என்றும், அதனால் நகரத்தின் தரப்புக்குப் பாதிப்பு வரவில்லை என்றும் இரண்டையும் காட்ட வேண்டிவரும். மாமி படுக்கையில் கிடந்தார் என்பது காரணமாகலாம். ஆனால் இன்னும் ஆறு நாள் கையில் இருக்கும்போது அந்த வாதத்தை நம்பி இருக்கத் தேவையில்லை.

கடிதம் ஒரு பக்கம் போதும். விழுந்த தேதி, நேரம், இடம், எப்படி விழுந்தார், என்ன காயம், தொடர்புகொள்ள வேண்டியவர் யார் என்று எழுதுங்கள். இடத்தை எழுதுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில்" என்று எழுதினால் எந்தத் தரிப்பிடம், எந்தப் பக்கம் என்ற கேள்வி வரும். தரிப்பிடக் கம்பத்தில் உள்ள எண், அருகில் உள்ள வீட்டின் இலக்கம், கம்பத்திலிருந்து எத்தனை அடி, வீதியின் வடக்குப் பக்கமா தெற்குப் பக்கமா என்று குறியுங்கள். நகரத்தின் இணையப் படிவத்தில் பதிந்துவிட்டு, அதே கடிதத்தைப் பதிவுத் தபாலிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நகரத்தின் முறைப்பாட்டு எண்ணான 311க்கு அழைத்து "நடைபாதை வழுக்குகிறது" என்று முறைப்பாடு சொன்னதை அறிவித்தல் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

அறிவித்தல் கொடுத்ததால் நஷ்டஈடு கிடைத்துவிடாது. அதே பிரிவு 531, நகரம் "கடும் அலட்சியம்" காட்டியிருந்தால் மட்டுமே பொறுப்பு என்கிறது. சாதாரண கவனக்குறைவு போதாது. கனடா உச்ச நீதிமன்றம் 1897இல் கிங்ஸ்டன் நகர வழக்கில் இதை "மிகப் பெரும் அலட்சியம்" என்று விளக்கியது, இன்றும் அதே அளவுகோல்தான். இரவு உறைந்த பனியை மறுநாள் காலைக்குள் சுரண்டவில்லை என்றால் அது அந்த அளவுக்கு வராது. ஆட்கள் கூடும் தரிப்பிடம், பல நாட்களாகத் தடித்த கட்டி, பலர் 311இல் சொல்லியும் ஒன்றும் செய்யவில்லை என்றால் கதை வேறு. அந்தத் தரிப்பிடத்தில் வழக்கமாக ஏறுபவர்களிடம் எப்போதிலிருந்து பனிக்கட்டி கிடந்தது என்று கேட்டு, சொன்னவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் குறித்து வையுங்கள். கனடாச் சுற்றாடல் துறையின் மணித்தியால வெப்பநிலைப் பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். விழுந்த நாளுக்கு முந்திய ஒரு வாரத்துப் பதிவை இறக்கி வையுங்கள். எந்த நாள் பகலில் உருகியது, எந்த இரவு உறைந்தது என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

இனி உங்கள் வாசல். நண்பர்கள் சொன்னதில் பாதி சரி. நடைபாதை நகரத்தின் சொத்துத்தான். ஆனால் எட்மண்டனின் சமூகத் தரநிலைப் பைலா (நகரச் சட்டவிதி) 14600, காணிக்குச் சொந்தக்காரரோ குடியிருப்பவரோ அதை ஒட்டிய நடைபாதையில் பனியும் பனிக்கட்டியும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. தவறினால் 100 டாலர் அபராதம். நகரம் ஆள் வைத்துச் சுத்தம் செய்தால் அந்தச் செலவும் உங்களுடையது, கட்டாவிட்டால் சொத்து வரியில் ஏறும். மூலைக் காணி என்பதால் உங்களுக்கு இரண்டு பக்கமும் சேரும். எச்சரிக்கை நோட்டீஸ் வந்த பிறகும் கைவைக்காமல் இருந்தால் அபராதம் வரலாம்.

பைலாவை மீறினால் விழுந்தவருக்கும் நஷ்டஈடு கொடுக்க வேண்டுமா? அது தனிக் கேள்வி. சட்டவிதி ஒன்றை மீறியது மட்டுமே நஷ்டஈட்டு உரிமையைத் தந்துவிடாது என்பதை உச்ச நீதிமன்றம் 1983இல் சஸ்காட்சுவான் கோதுமைக் கூட்டுறவு வழக்கில் தீர்த்துவிட்டது. நடைபாதைப் பனியைப் பற்றியே பேசிய தீர்ப்புகள் இரண்டு உண்டு. ஒன்று ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் கொடுத்தது, மற்றது பிரிட்டிஷ் கொலம்பியா மேன்முறையீட்டு நீதிமன்றம் 2021இல் கொடுத்தது. வானத்திலிருந்து விழுந்து தானாக உறைந்த பனிக்காக வீட்டுக்காரர் வழிப்போக்கருக்குப் பொறுப்பல்ல, பைலா இருந்தாலும் அது நகரத்துக்கும் வீட்டுக்காரருக்கும் இடையிலான கடமை என்பதே இரண்டின் சாரம். ஆல்பர்ட்டா நீதிமன்றத்தை இவை கட்டுப்படுத்தாது. இருந்தாலும் இப்படியான வழக்கில் எந்தச் சட்டத்தரணியும் முதலில் திறந்து காட்டுவது இவற்றைத்தான்.

2021 வழக்கில் வீட்டுக்காரர் ஒழுங்காகச் சுரண்டவில்லை, அதனால்தான் வழுக்கியது என்று வாதாடிப் பார்த்தார்கள். அது எடுபடவில்லை. அக்கறையோடு சுத்தம் செய்பவருக்குச் சட்டம் தண்டனை வைக்கவில்லை. ஆபத்தைப் புதிதாக உண்டாக்கினால், அல்லது இருந்ததை மோசமாக்கினால் மட்டுமே பொறுப்பு வரலாம். மணல் போடுவது இரண்டிலும் சேராது. நகரமே குடியிருப்பாளர் எடுத்துப் போடட்டும் என்றுதான் பெட்டி வைத்திருக்கிறது. ஆகவே நண்பர்களின் பயம் வீண், மணலைப் போடுங்கள்.

நான் கவலைப்படுவது அந்தப் பீலிக் குழாயைப் பற்றித்தான். உங்கள் காணியிலிருந்து நடைபாதைக்குப் பாய்ந்த ஆபத்துக்கு வீட்டுக்காரர் பொறுப்பு என்பதை ஒன்ராறியோத் தீர்ப்பும் விதிவிலக்காக வைத்திருக்கிறது. கூரையில் பிற்பகல் வெயிலில் உருகும் தண்ணீர் குழாய் வழியாக வந்து நடைபாதையின் குறுக்கே ஓடி, இரவில் கண்ணாடி மாதிரி உறைந்தால், அது வானம் செய்த பனிக்கட்டி இல்லை, உங்கள் வீடு செய்தது. அம்மா விழுந்தது அந்த ஓடைக்கு மேலேயா, பத்து அடி தள்ளியா என்பதுதான் முழு விவகாரத்தையும் தீர்மானிக்கும்.

ஆகவே குழாயை நகர்த்துவதற்கு முன் படம் எடுங்கள். குழாயின் வாய், அங்கிருந்து நடைபாதை வரை தண்ணீர் போன தடம், அம்மா விழுந்த இடம் மூன்றும் ஒரே படத்தில் வரவேண்டும். ஓர் அளவு நாடாவை நிலத்தில் விரித்து வைத்து எடுத்தால் தூரத்தைப் பற்றிப் பிறகு சண்டை இருக்காது. அதன் பின் அன்றைக்கே குழாயைப் புல்தரைப் பக்கம் திருப்புங்கள். திருப்பினால் தவறை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்று தயங்க வேண்டாம். பின்னால் சரிசெய்தது மட்டுமே முன்னால் அலட்சியமாக இருந்ததற்குச் சான்றாகாது. திருப்பாமல் விட்டு இன்னொருவர் விழுந்தால், தெரிந்தும் விட்டீர்கள் என்பதற்கு எந்தப் பதிலும் இருக்காது.

பக்கத்து வீட்டு அம்மாவைப் போய்ப் பாருங்கள். "மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா" என்று சொல்லுங்கள். வாயைத் திறந்தால் வழக்கில் மாட்டுவோம் என்று ஒதுங்கி நிற்பது பல வருட அயல் உறவைக் கெடுத்துவிடுகிறது. ஆல்பர்ட்டாவின் சாட்சியச் சட்டம், பிரிவு 26.1, மன்னிப்புக் கேட்டதைப் பொறுப்பை ஒப்புக்கொண்டதாக எடுக்க முடியாது என்றும், அதனால் காப்புறுதி கெடாது என்றும் தெளிவாகச் சொல்கிறது. மன்னிப்போடு நிறுத்துங்கள். "செலவை நான் தருகிறேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், குழாயைப் பற்றி மெசேஜில் விவாதிக்காதீர்கள். மகனின் மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்கு இன்றே அறிவியுங்கள். வீட்டுக் காப்புறுதியில் மூன்றாம் ஆளுக்கான பொறுப்புப் பகுதி வழக்கமாக இருக்கும். வழக்கு வந்தால் சட்டத்தரணியை அமர்த்துவதும் அவர்கள் வேலை. தாமதமாக அறிவித்தால் கையை விரிக்கலாம். பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட்டதை அவர்களிடம் முன்பே சொல்லியிருக்கிறீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கு வந்தால், ஒரு லட்சம் டாலர் வரை உள்ள உரிமைக்கோரல் வழக்கமாக ஆல்பர்ட்டா கோர்ட் ஆஃப் ஜஸ்டிஸுக்குப் போகும்.

வாடகைத் தம்பதியின் விஷயத்தை நீங்கள் கேட்கவே இல்லை. சட்டப்படி உங்களுக்கு அதிகப் பொறுப்பு உள்ள இடம் அதுதான். நடைபாதையிலிருந்து பேஸ்மென்ட் கதவு வரை போகும் வழியும் படிகளும் உங்கள் காணி. அங்கே, இடத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரின் பொறுப்புச் சட்டம் (Occupiers' Liability Act) நேரடியாகப் பொருந்தும்: வருபவர் நியாயமான அளவுக்குப் பாதுகாப்பாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். தம்பதி மட்டுமில்லை, அவர்களைப் பார்க்க வருபவர், பார்சல் கொண்டுவருபவர் எல்லாரும் இதில் அடக்கம். "பனியை வாடகைக்காரர் தள்ள வேண்டும்" என்று ஒப்பந்தத்தில் எழுதினாலும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத பார்சல்காரரை அது கட்டாது. பக்கவாட்டு வழியில் வெயில் படாது, கூரை விளிம்பிலிருந்தும் சொட்டும். மணல் வாளி இருக்க வேண்டிய முதல் இடம் அந்தப் படி.

மணலைப் போடும் முறை சரியாக இருந்தால்தான் மேலே சொன்ன பாதுகாப்பு. வாளியும் உலோகக் கரண்டியும் கொண்டுபோங்கள், பெட்டியில் மேல் மணல் உறைந்து கட்டியாக இருக்கும். 20 லீட்டர் வாளியை நிறைத்தால் 30 கிலோ வந்துவிடும், அரை வாளியே போதும். வீட்டுக்கு வந்ததும் கராஜில் வையுங்கள், வெளியே வைத்தால் காலையில் ஒரே பாறை. முதலில் பனியைத் தள்ளி, பனிக்கட்டியை இரும்புச் சுரண்டியால் முடிந்தமட்டும் உடைத்து எடுங்கள். தளர்ந்த பனி மேல் போட்ட மணல் காலோடு போய்விடும். ஒன்றரை மீட்டர் அகலமும் 15 மீட்டர் நீளமும் உள்ள நடைபாதைக்கு 4 கிலோ அளவு போதும். கனமாகக் கொட்டாமல் தூவுங்கள்.

உப்பை மட்டும் நம்பாதீர்கள். சாதாரண உப்பு மைனஸ் 10 பாகைக்குக் கீழே மெதுவாகிவிடும், எட்மண்டன் தையில் அதைவிடக் கீழேதான் போகும். மணல் எதையும் உருக்காது, பிடிமானம் மட்டும் தரும், அதனால் மைனஸ் 30இலும் வேலை செய்யும். அதற்கும் ஒரு குறை உண்டு. கறுத்த மணிகள் வெயிலில் சூடேறி, சுற்றியுள்ள பனிக்கட்டியை உருக்கிக்கொண்டு கீழே இறங்கிவிடும். மாலையில் அவற்றின் மேல் புதுத் தண்ணீர் உறைந்து, பார்வைக்கு மணல் தெரியும், காலுக்குப் பிடிமானம் இருக்காது. உருகிய நாளில் பொழுது சாய்ந்த பின் இன்னொரு தரம் தூவ வேண்டும். குழந்தைகள் விளையாடும் மெல்லிய மணல் உருண்டை மணிகளாக இருப்பதால் அவ்வளவு பிடிக்காது. பூனைக் கழிவுக்கு வைக்கும் மணலில் களிமண் வகை, ஈரம் பட்டால் சேறாகும்.

போடும் ஒவ்வொரு தரமும் கைப்பேசியில் ஒரு படம், காலண்டரில் தேதியும் நேரமும். காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது "எப்போது சுத்தம் செய்தீர்கள், ஆதாரம் உண்டா" என்பதைத்தான். வெளியூர் போனால் யார் செய்வார்கள் என்று எழுத்தில் ஒருவரிடம் பேசி வையுங்கள். முதுகுவலி காரணமாக முடியாவிட்டால், சமூக உதவித் தகவல் எண்ணான 211க்கு அழைத்தால் முதியோருக்குப் பனி தள்ளும் உதவி உங்கள் பகுதியில் யார் தருகிறார்கள் என்று சொல்வார்கள்.

நகரத்தின் நோட்டீஸில் உள்ள தேதிக்கு முன் இரண்டு பக்க நடைபாதையையும் சுரண்டி மணல் தூவிப் படம் எடுத்துவிட்டால் அந்த விவகாரம் அதோடு முடியும். அபராதச் சீட்டே வந்துவிட்டால், கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுக்கப்படலாம். அம்மா விழுந்த அதே நாளுக்கான சீட்டு என்றால் காப்புறுதியின் சட்டத்தரணியிடம் காட்டாமல் கட்டாதீர்கள்.