நீர்க்கட்டிக்கு வேர் குடலில்தான் இருக்கிறதா?

கேள்வி: எனக்கு வயது 26. நான்கு ஆண்டுகளாக மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை. சில சமயம் 3 மாதங்களுக்கு மேலும் தள்ளிப்போகிறது. முகத்தில் ரோமமும் பருக்களும் உள்ளன. பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி நோய்) என்று கூறிய மருத்துவர், இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவும் மெட்ஃபார்மின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். குடலில் கெட்ட பாக்டீரியா பெருகுவதே இந்நோய்க்குக் காரணம் என்றும், மலப் பரிசோதனை செய்து அதற்கேற்ற ப்ரோபயாட்டிக் (நல்ல பாக்டீரியா அடங்கிய) மாத்திரை சாப்பிட்டால் போதும் என்றும் என் தோழி சொல்கிறாள். மெட்ஃபார்மினை நிறுத்திவிடலாமா?
- வாசகி, நாமக்கல்

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். உங்கள் தோழி சொல்வதில் ஒரு பகுதி உண்மைதான். அந்தப் பகுதி எதுவரை என்று தெரிந்துகொண்டால் தேவையற்ற செலவிலிருந்து தப்பிக்கலாம்.

ஸ்கேனில் நீர்க்கட்டிகள் என்று சொல்லப்படுபவை உண்மையில் கட்டிகள் அல்ல. முதிர்ச்சி அடையாமல் பாதி வழியில் நின்றுபோன சினைமுட்டைப் பைகள். உடல் இன்சுலினுக்குச் சரிவரச் செவிசாய்க்காதபோது (இதுவே இன்சுலின் எதிர்ப்பு) கணையம் அதை மேலும் மேலும் சுரக்கிறது. அவ்வாறு மிகுந்த இன்சுலின், சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜன் என்னும் ஆண் ஹார்மோனின் சுரப்பைக் கூட்டுவதோடு, அந்த ஆண்ட்ரோஜனை இரத்தத்தில் பிணைத்து வைக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைவாக உற்பத்தி செய்யும்படியும் ஆக்கிவிடுகிறது. உங்கள் பருக்களுக்கும் ரோமத்துக்கும், தள்ளிப்போகும் மாதவிலக்குக்கும் இதுவே பெரும்பாலும் அடிப்படை.

இதில் குடலுக்கு என்ன வேலை? ஆஸ்திரேலியாவின் ட்ரெமெல்லன், பியர்ஸ் என்ற இருவர் 2012-இல் ஒரு கருதுகோளை வெளியிட்டனர். உணவுமுறையால் குடல் நுண்ணுயிர்களின் சமநிலை கெடும்போது குடற்சுவரின் காவல் தளர்ந்து, சில பாக்டீரியாக்களின் மேலுறையில் உள்ள நச்சுப்பொருள் இரத்தத்தில் கலக்கிறது. அதனால் எழும் மெல்லிய, நீடித்த அழற்சி இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது என்பதே அவர்கள் வாதம். பின்னர் 2019-இல் பீஜிங் ஆய்வாளர்கள் இந்நோய் உள்ள பெண்களின் குடலில் பாக்டீராய்ட்ஸ் வல்காட்டஸ் என்ற பாக்டீரியா மிகுந்தும், சில பித்த அமிலங்கள் குறைந்தும் இருப்பதைக் கண்டனர். அப்பெண்களின் மலத்திலுள்ள நுண்ணுயிர்களைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றுக்கும் இன்சுலின் எதிர்ப்பும் சினைப்பைக் கோளாறும் தோன்றின; குறைந்திருந்த பித்த அமிலங்களில் ஒன்றைக் கொடுத்தபோது நிலைமை மேம்பட்டது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் நம்பிக்கை அளிக்கும் ஆய்வு இதுவே.

ஆனால் எதிர்த்திசையிலும் சான்று இருக்கிறது. லெட்ரோசோல் மருந்தைத் தொடர்ந்து கொடுத்துச் சுண்டெலிகளின் ஆண்ட்ரோஜனை உயர்த்தினால், அவற்றின் குடல் நுண்ணுயிர்களும் மாறிவிடுகின்றன. (கருத்தரிப்புக்காக மருத்துவர்கள் 5 நாட்களுக்குத் தரும் லெட்ரோசோலைக் கண்டு இதனால் யாரும் அஞ்ச வேண்டாம், இது வாரக்கணக்கில் செய்யப்பட்ட சோதனை.) அந்தச் சுண்டெலிகளை ஆரோக்கியமானவற்றோடு ஒரே கூண்டில் வைத்தபோது கோளாறுகள் குறைந்தன. ஆக, ஹார்மோன் குடலைக் கெடுக்கிறது, குடலும் ஹார்மோனைக் கெடுக்கிறது. ஒரு பாக்டீரியாவைக் குற்றவாளியாக்கி அதை மட்டும் நீக்கினால் நோய் தீரும் என்று சொல்லும் நிலையில் நாம் இல்லை.

எனவே, மலப் பரிசோதனைக்குச் செலவழிக்காதீர்கள். அதன் முடிவை வைத்து இந்நோயை உறுதிப்படுத்தவோ மருந்தை மாற்றவோ எந்த மருத்துவராலும் இயலாது. ப்ரோபயாட்டிக் மாத்திரைகளால் இன்சுலின் அளவு ஓரளவு குறைந்ததாகச் சிறிய ஆய்வுகள் கூறினாலும், ஆய்வுக்கு ஆய்வு பாக்டீரியா வகையும் அளவும் வேறுபடுவதால் இன்னதை வாங்குங்கள் என்று நேர்மையாகப் பரிந்துரைக்க முடியவில்லை. நீங்கள் நிறுத்த நினைக்கும் மெட்ஃபார்மினே குடல் நுண்ணுயிர்களை மாற்றும் மருந்து என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். அதனால் வயிற்றுப்போக்கோ குமட்டலோ இருந்தால், அளவை மெல்ல உயர்த்துவது, உணவோடு சாப்பிடுவது, மெதுவாகக் கரையும் வகைக்கு மாறுவது என வழிகள் உள்ளன, மருத்துவரிடம் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது வேறொன்று. மாதவிலக்கு 90 நாட்களுக்கு மேல் வராமல் இருந்தால் கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டால் அதில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடும். அதைத் தடுப்பதற்கான ஹார்மோன் மருந்து தேவையா என்று இந்த மாதமே மருத்துவரைப் பாருங்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சர்க்கரைப் பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: இட்லியும் பழைய சோறும் புளித்த உணவுகள்தாமே? பி.சி.ஓ.எஸ். உள்ள என் மகளுக்கு அவை போதுமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: மாவில் இருந்த நுண்ணுயிர்கள் இட்லி வேகும்போது இறந்துவிடுகின்றன, மோரிலும் பழைய சோற்றிலும் அவை உயிரோடு இருக்கின்றன. சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வகையாக மாறி, பெருங்குடல் பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது என்பதும் மெய்யே. ஆயினும் சோறு சோறுதான், அளவு முக்கியம். பாக்டீரியாவை உள்ளே அனுப்புவதைவிட, ஏற்கெனவே உள்ளே இருப்பவற்றுக்கு நார்ச்சத்து கொடுப்பதையே நான் பெரிதாகக் கருதுகிறேன். அவை நார்ச்சத்தைப் புளிக்கவைத்து உண்டாக்கும் பியூட்டிரேட், குடற்சுவரின் செல்களுக்கே உணவாகிறது. தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, கொள்ளு, கீரை, அவரைக்காய் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும். ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும். இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாக உயர்த்தி, தண்ணீரையும் கூடுதலாகக் குடிக்கச் சொல்லுங்கள்.