கை ஓடுகிறது, காது எங்கே?

கேள்வி: நான் திருகோணமலை உப்புவெளியைச் சேர்ந்தவன், வயது 19. வட இலங்கைச் சங்கீத சபையின் மிருதங்கப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறேன். நாள்தோறும் பிற்பகல் மூன்று மணி தொடக்கம் இரண்டரை மணித்தியாலம் ஒரே இருப்பில் சாதகம் (பயிற்சி) செய்கிறேன். அரை மணித்தியாலம் கழிந்ததும் கை தானாக வாசிக்கிறது. மனம் எங்கோ போய்விடுகிறது. சில மாதங்களாக முன்னேற்றமும் இல்லை. இப்போது மிருதங்கத்தைக் கண்டாலே அலுப்பாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அந்த அரை மணித்தியாலத்தை நீங்கள் சரியாகவே கவனித்திருக்கிறீர்கள். பிரித்தானிய உளவியலாளர் நோர்மன் மக்வேர்த், ராடார் கண்காணிப்பாளரின் வேலையை ஒத்த ஒரு சோதனையின் முடிவுகளை 1948இல் வெளியிட்டார். வெற்று முகப்பில் துள்ளித் துள்ளி நகரும் முள் எப்போதாவது இரட்டைத் துள்ளல் துள்ளும். அதைக் கண்டு சொல்வதே வேலை. ஆட்களை இரண்டு மணித்தியாலம் இருத்திப் பார்த்தபோது, முதல் அரை மணித்தியாலத்துக்குப் பின்னர் அவர்கள் தவறவிடுவது கூடியது. ஆகவே இது உங்களுடைய சோம்பல் அன்று. கைக்குப் பழகிப்போன சொற்கட்டுக்கு (தாளச் சொற்களின் கோவைக்கு) மனத்தின் துணை தேவைப்படுவதில்லை. வேலை இல்லாத இடத்தில் மனம் தங்காது.

மனம் எப்போது விலகியது என்பதை அறிய உங்களிடமே ஒரு கருவி இருக்கிறது. தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கத்தில்) நீங்கள் குழைத்து ஒட்டும் ரவை, கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் திருகோணமலையில் வெகு விரைவில் காய்ந்துவிடும். காயக் காய இடப்பக்கத்தின் கனத்த நாதம் மெலிந்து, சுருதி மேலே ஏறும். அந்த மாற்றம் தொடங்கும்போதே உங்கள் காது அதைப் பிடித்து, கை தானாகத் தண்ணீரைத் தேடுமானால் நீங்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறீர்கள். விரலில் பொருக்கு உதிர்ந்த பிறகுதான் தெரிகிறது என்றால், காது எழுந்து போய் நெடுநேரமாகிவிட்டது. என் மாணவர்களுக்கு மணிக்கூட்டைவிட இதையே அளவாகச் சொல்லி வருகிறேன்.

இனி, இரண்டரை மணித்தியாலத்தை மூன்றாக உடையுங்கள். விடியற்காலையில் நாற்பது நிமிடம், மாலையில் நாற்பது நிமிடம், இரவில் உணவுக்கு முன் அரை மணித்தியாலம் போதும். மொத்த நேரம் குறைகிறதே என்று அஞ்ச வேண்டியதில்லை. கடிதங்களை வகைப்படுத்துவதற்காகத் தட்டச்சுப் பழகிய பிரித்தானியத் தபால் ஊழியர்களைப் பற்றி பாட்லி, லோங்மன் ஆகிய ஆய்வாளர் இருவர் 1978இல் எழுதிய ஆய்வில், நாளுக்கு ஒரு மணித்தியாலம் மட்டும் பழகியவர்களே மிகக் குறைந்த மணித்தியாலங்களில் தேர்ச்சி பெற்றார்கள். நாளுக்கு நான்கு மணித்தியாலம் பழகியவர்களுக்கு அதே தேர்ச்சிக்குக் கூடுதலான மணித்தியாலங்கள் தேவைப்பட்டன. ஆனால் நாட்கணக்கில் பார்த்தால் ஒரு மணித்தியாலக் குழுவுக்கே நீண்ட காலம் சென்றது. தம் பயிற்சி முறையில் மிகக் குறைந்த திருப்தி கொண்டவர்களும் அவர்களே. உங்கள் அலுப்பை ஆராயும்போது இதை மறந்துவிடாதீர்கள். கை வலிக்க வாசித்து எழும்பும் நாளில் நிறைய உழைத்ததாகத் தோன்றும். அந்தத் தோற்றம் கற்றதற்குச் சாட்சி ஆகாது.

பிற்பகல் மூன்று மணியை விட்டுவிடுங்கள். அந்த வெக்கையில் அமர்வதை வைராக்கியம் என்று சிலர் மெச்சக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. உளவியலாளர் எரிக்ஸனும் அவருடைய சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில் பெர்லின் நகரின் சிறந்த வயலின் மாணவர்கள், மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பழகியதோடு பகலில் கூடுதலாக உறங்கவும் செய்தார்கள்.

நேரத்தை உடைப்பது பாதி வேலை. மனத்துக்கு ஒரு வேலை கொடுப்பதே மறுபாதி. நான் அதிகம் வலியுறுத்துவதும் இதைத்தான். 'ததிகிணதொம்' என்ற ஐந்து மாத்திரைச் (மாத்திரை: தாளத்தின் சிறு கால அளவு) சொல்லை மூன்று முறை வாசிக்கும் தீர்மானத்தை, அதாவது முடிப்புக் கோவையை, எடுத்துக்கொள்ளுங்கள். சதுஸ்ர நடையில், அதாவது ஓர் அட்சரத்துக்கு (தாள எண்ணிக்கைக்கு) நான்கு மாத்திரையாக, எட்டு அட்சரம் கொண்ட ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் (ஒரு சுற்று) 32 மாத்திரை. தீர்மானம் 15 மாத்திரை. ஐந்தாம் அட்சரத்தில் ஒரு மாத்திரை விட்டு எடுத்தால் முடிந்த கையோடு சமம் (அடுத்த சுற்றின் தொடக்கம்) வரும். இதை ஐம்பது முறை அப்படியே வாசித்தால், பத்தாவது முறையிலேயே மனம் டச்சுக்குடாக் கடற்கரைக்குப் போய்விடும். ஆகவே அடுத்த முறை சொற்களுக்கிடையே ஒரு மாத்திரைக் கார்வை (இடைவெளி) வையுங்கள்: மொத்தம் 17, எடுப்பு (தொடங்கும் இடம்) நான்காம் அட்சரத்தில் மூன்று மாத்திரை தள்ளி. இரண்டு மாத்திரைக் கார்வையானால் மொத்தம் 19, எடுப்பு அதே நான்காம் அட்சரத்தில் ஒரு மாத்திரை தள்ளி. எந்தக் கார்வை என்பதைச் சீட்டுக் குலுக்கி, வாசிக்கத் தொடங்கும் கணத்தில்தான் அறிந்துகொள்ளுங்கள். கை செய்வது பழைய வேலைதான். கணக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் புதியது. தொடக்கத்தில் சமம் தவறும், சங்கடமாக இருக்கும். முன்னேற்றம் நின்றதாக நீங்கள் நினைக்கும் இடத்தில் இந்தத் தவறுகளே தேவைப்படுகின்றன. புதிதாகப் பாடமான சொல்லுக்கு மட்டும் இந்த முறை வேண்டாம். விரல் அதை அறியும்வரை ஒரே விதமாகத்தான் வாசிக்க வேண்டும்.

ஒவ்வொரு அமர்வின் கடைசி மூன்று நிமிடத்தையும் கைத்தொலைபேசியில் பதிவுசெய்து, மறுநாள் காலையில் கேட்டு, ஒரே ஒரு குறையைக் கொப்பியில் எழுதுங்கள். "மூன்றாம் காலத்தில் சாப்பு மங்குகிறது" என்ற அளவில் இருந்தால் போதும் (மூன்றாம் காலம் விரைவான வேகம்; சாப்பு வலப்பக்க அடிகளில் ஒன்று). அன்றைய முதல் அமர்வு அந்த வரியிலிருந்து தொடங்கட்டும். மணிக்கட்டில் வலி தொடர்ந்தால் வாசிப்பை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

நீண்ட அமர்வுக்கும் ஓர் இடம் உண்டு. பரீட்சைக்கு முந்திய மூன்று வாரங்களில், வாரத்துக்கு இரு முறை, முழுப் பாடத்தையும் இடைநிறுத்தாமல் வாசியுங்கள். பரீட்சை அறையில் தவறிய இடத்துக்குத் திரும்பிப் போக முடியாது. அப்போது வீட்டில் யாரையேனும் எதிரில் இருத்தித் தாளம் போடச் சொல்லுங்கள். அவர் தாளத்தில் பழக்கமில்லாதவராக இருந்து சற்று முன்பின்னாகப் போட்டாலும் திருத்த வேண்டாம். அவர் கையைக் கவனித்தபடியே வாசித்து முடியுங்கள்.